நம்பர் சொல்லும் கேமரா

சித்தூர் மிஷன் சபையில் யாரைக் கேட்டாலும் கிருபானந்தத்தைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள்: "தீர விசாரிக்காம அந்த மனுஷன் ஒரு கத்தரிக்காகூட வாங்கமாட்டாரு." பொய்யில்லை. சைக்கிள் வாங்க நினைத்தபோது வேலூர் வரைக்கும் போய்க் கடை கடையாகப் பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் சித்தூர் பஜார் தெருவிலேயே வாங்கினார். ரேடியோ வாங்க ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. மிஷன் ஆஸ்பத்திரி ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய நைனா, "இவன் பொண்ணு பாத்து முடிக்கறதுக்குள்ள பொண்ணு கிழவியாயிடுவா" என்று கேலி செய்வார். அவர் வாக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பலிக்கவில்லை. ஞானமணியைப் பார்த்த அன்றே கிருபானந்தம் சரி என்று சொல்லிவிட்டார்.

எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவர். புத்தலப்பட்டைத் தாண்டி, திருப்பதி போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, நீவா அலாய்ஸ் என்ற ஆலை எழுந்தபோதே அங்கே சேர்ந்தார். அது 1969. எஃகு ஆலைகளுக்கு வேண்டிய மாங்கனீஸ் கலவையை உருக்கி அனுப்புவதுதான் அந்த ஆலையின் வேலை. அங்கே எல்லாமே அந்த ஒற்றை உலைதான். மாடி வீட்டு உயரத்துக்கு ஒரு பெரிய இரும்புத் தொட்டி. உள்ளே சுற்றிலும் நெருப்புச் செங்கல். மேலேயிருந்து கரித்தூண்கள் வழியாக மின்சாரம் இறங்கிக் கல்லையும் மண்ணையும் குழம்பாக்கும்.

உள்ளே இருக்கும் செங்கல் நாளாக நாளாகத் தேயும். எங்கே தேய்கிறதோ அங்கே சூடு வெளி இரும்புத் தகட்டுக்கு வந்துவிடும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் தகட்டைத் துளைத்துக்கொண்டு குழம்பு வெளியே பாயும். ஏரிக்கரைக்குச் சொல்வது போலவே அதற்கும் 'உடைப்பு' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். உடைப்பு என்ற சொல்லை ஆலைக்குள் யாரும் சும்மா வாயில் எடுக்கமாட்டார்கள். உலையைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிருபானந்தத்துடையது.

ஞானமணியின் தம்பி ஜெபமணியையும் அவர்தான் அங்கே சேர்த்துவிட்டார். ஜெபமணி தன் மாமா கிருபானந்தத்துக்கு நேர் எதிர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இரண்டாம் பாட்டு முடிந்த பிறகுதான் வருவான். வந்த சூட்டோடு பாடகர் குழுவில் நுழைந்து, அதுவரை பாடியவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவான். எழுத்து வேலை என்றால் ஓட்டம். ஆனால் ஆட்களை வேலை வாங்குவதில் கெட்டிக்காரன். சில வருஷங்களில் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகிவிட்டான். மதியம் இரண்டு பேரும் ஒரே கேரியரைப் பிரித்து வைத்துத்தான் சாப்பிடுவார்கள். "அக்கா மீன் கொழம்பு வெச்சா எனக்கு முள்ளு, உங்களுக்குச் சதை. இது இன்னா நியாயம் மாமா?" என்று தினமும் ஏதாவது ஒரு வம்பு.

எண்பத்தொன்றில் ஒருநாள் ஜெபமணி ஓடிவந்தான். உலையின் முன்பக்கம், குழம்பு எடுக்கும் வாய்க்குப் பக்கத்தில், தகடு கொதிக்கிறது என்றான். கிருபானந்தம் போய்ப் பார்த்தார். பெயிண்ட் உரிந்திருந்தது. பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை.

"நிறுத்திடலாம் மாமா. எனக்கு மனசே சரியில்ல."

கிருபானந்தம் நிறுத்தினார். உலையை ஆறவிட்டு, குழம்பை வெட்டியெடுத்து, செங்கல்லைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை. செங்கல் நேற்று வைத்தது போல முழுசாக இருந்தது. வெளியே தெறித்த குழம்பு தகட்டோரம் ஒட்டிக்கொண்டு அந்தச் சூட்டைக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி உலை எரியத் தொடங்க அரை மாதம் ஆனது.

ஒர்க்ஸ் மேனேஜர் ரங்கையா கெட்டவர் அல்ல. ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர். அவ்வளவு பேரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவர் கிருபானந்தத்தைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்: "எந்த வேடி உந்தோ செப்பண்டி, கிருபானந்தம்காரு. நம்பர் செப்பண்டி." எவ்வளவு சூடு இருந்தது, எண்ணாகச் சொல்லுங்கள் என்கிறார்.

"கை வெக்க முடியல சார்."

"செய்யி தர்மாமீட்டரா?" என்றார் ரங்கையா. கை என்ன, தர்மாமீட்டரா என்று.

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு ஒன்றுமில்லை; மேலதிகாரி சொன்னதற்காகச் சிரிக்கிற சிரிப்பு. ஆனால் ஒரு கத்தரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்குகிற மனிதருக்கு, விசாரிக்காமல் உலையை அணைத்தவர் என்ற பெயர் வந்துவிட்டது. அவருக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்த முள்ளாகத் தங்கிப்போனது. யாரோ ஏதோ சொல்லும்போது நடுவில் திடீரென்று, "நம்பர் செப்பண்டி" என்று தனக்குத்தானே முனகிக்கொள்வதை ஞானமணி கேட்டிருக்கிறாள். ஜெபமணி நேரில் வந்து, "என்னாலதான் மாமா உங்களுக்கு இந்தக் கெட்ட பேரு" என்றான். "விடுடா" என்றார். அவர்தான் விடவில்லை.

எண்பத்து மூன்றில் மதராஸில் நடந்த ஒரு தொழிற்காட்சிக்குப் போனவர் ஒரு புதிய செய்தியோடு திரும்பினார். சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா வந்திருக்கிறதாம். இருட்டிலும் பார்க்குமாம். தொடாமலே எட்ட நின்று எந்த இடம் எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுமாம். முதலாளி வீட்டில் யோசித்துச் சரி என்றார்கள். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை ரங்கையா கிருபானந்தத்திடமே கொடுத்தார். "உங்களைவிட விசாரித்து வாங்குகிறவர் யார் இருக்கிறார்?" என்றார். அதில் கேலி இல்லை என்றுதான் கிருபானந்தம் எடுத்துக்கொண்டார்.

கேமரா விற்கிற இரண்டு பேர் ஒரே வாரத்தில் வந்து திருப்பதியில் லாட்ஜ் எடுத்துத் தங்கினார்கள். ஒருவர் பம்பாய்க்காரர், இன்னொருவர் மதராஸ்காரர். திருப்பதி வரைக்கும் வந்துவிட்டு மலை ஏறாமல் போவார்களா? பம்பாய்க்காரர் முந்தின நாளே அலிபிரியிலிருந்து நடந்து ஏறி, மொட்டை போட்டு, மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டு ஆலைக்கு வந்தார்.

அவர் கொண்டுவந்தது பெரிய கேமரா. முக்காலி, அதன் மேல் கேமரா, அதிலிருந்து தடித்த கேபிள், சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஒரு டி.வி.ப் பெட்டி. கேமராவின் தலையில் ஒரு சின்ன மூடியைத் திறந்து, புகைகிற திரவம் ஒன்றை அதற்குள் ஊற்றினார். திரவ நைட்ரஜன். பனிக்கட்டியெல்லாம் அதன் முன்னால் சுடுதண்ணீர். அதில் குளிர்ந்தால்தான் கேமராவின் கண் வேலை செய்யும் என்றார். பிறகு சுவரில் தன் உள்ளங்கையைப் பதித்து எடுத்தார். சுவரில் ஒன்றுமில்லை. திரையில் அந்தக் கை அப்படியே வெள்ளையாக நின்று மெல்ல மெல்ல மங்கியது. கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஜெபமணி கேமராவைப் பம்பாய்க்காரரின் பக்கம் திருப்பச் சொன்னான். மொட்டைத் தலை திரையில் பௌர்ணமி மாதிரி எரிந்தது; சந்தனம் பூசிய இடம் மட்டும் கறுப்பு. அவரும் சேர்ந்தே சிரித்தார்.

கிருபானந்தம் சிரிக்கவில்லை. திரையின் ஓரத்தில் இருந்த அளவுகோலையும், ஒரு குமிழைத் திருகியதும் தகட்டின் எந்த இடத்துக்கும் இத்தனை டிகிரி என்று கணக்குச் சொல்ல முடிவதையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அப்போது பார்த்தவர்கள், பசித்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னார்கள்.

மறுநாள் மதராஸ்காரர் வந்தார். அவருடையது சின்னது. தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணில் வைத்துப் பார்க்கிற மாதிரி. நைட்ரஜன் வேண்டாம், முக்காலி வேண்டாம், பாட்டரி போதும். ஆனால் படம் கலங்கலாகத் தெரிந்தது. ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் பிடித்தால் படம் கரைந்துவிடும். எண் எதுவும் சொல்லாது. சூடான இடம் வெள்ளை, ஆறின இடம் கறுப்பு, அவ்வளவே.

ஜெபமணி அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு உலையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். உலைக்குப் பின்னால், டிரான்ஸ்பார்மர் அறைச் சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். அதற்குள்ளும் போய் வந்தான்.

"மாமா, இதையே எடுங்க. அந்தப் பெரிசு சந்துல பூராது."

"பின்னாடி பக்கம் இதுவரைக்கும் ஒரு தொந்தரவு குடுத்திருக்கா? மேல பிளாட்பாரத்துல நின்னு சாய்ச்சுப் பாத்துக்கலாம்."

"நைட்ரஜனுக்கு எங்க போவீங்க?"

அதையும் கிருபானந்தம் விசாரித்து வைத்திருந்தார். சித்தூரில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் மையத்தில் காளை விந்தை நைட்ரஜனில்தான் உறைய வைக்கிறார்கள். வாராவாரம் மதராஸிலிருந்து வேன் வருகிறது. டாக்டரிடம் பேசியாகிவிட்டது. அந்த வேனிலேயே ஆலைக்கும் ஒரு கேன் சேர்த்து வரும். இதை அவர் சொன்னபோது அவருடைய சாமர்த்தியத்தை எல்லாரும் மெச்சினார்கள். ஜெபமணிக்குக்கூடச் சிரிப்பு வந்தது. "காளைமாட்டுக்குப் பங்காளி ஆயிட்டோம்" என்றான். பிறகும் விடவில்லை.

"நான் சொல்றது இன்னான்னா மாமா, இது எப்பவும் கையில கீது. நெனச்ச ஒடனே எடுத்துப் பாத்துடலாம்."

"பாத்துட்டு? வெள்ளையா கீதுன்னு சொல்லும். எவ்ளோ வெள்ளைன்னு சொல்லுமா? நாளைக்கு ரங்கையா கேட்டா இன்னாடா சொல்றது? வெள்ளையா இருந்துச்சு சார்னா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது ஜெபமணியின் வாயை அடைத்துவிட்டது. இன்னும் ஒருமுறை அவன் அழுத்திச் சொல்லியிருந்தால் கிருபானந்தம் யோசித்திருப்பாரோ என்னவோ. அவன் தோளிலிருந்து கேமராவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

பெரிய கேமராதான் வந்தது.

அடுத்த ஒரு வருஷம் கிருபானந்தத்தின் வாழ்க்கையில் மிகச் சிறந்த வருஷம். கேன் வந்த அன்று உலையின் முன்பக்கம் முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். ஸ்விட்ச்யார்டில் ஒரு கம்பி இணைப்பு மற்றவற்றைவிட எண்பது டிகிரி அதிகம் காட்டியது. அதை மாற்றிய கையோடு எடுத்துப் பார்த்தால் உள்ளே பாதி உருகியிருந்தது. ரங்கையா அவர் தோளைத் தட்டினார். வேறு ஆலைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். கிருபானந்தம் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு திரையைக் காட்டி, வாத்தியார் மாதிரி விளக்குவார். வீட்டில் ஞானமணியிடம்கூட, "இப்ப ஒருத்தனும் எதிர்க் கேள்வி கேக்க முடியாது" என்று சொல்லிப் பூரித்தார்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. அது அப்போது யார் கண்ணிலும் படவில்லை. முன்பெல்லாம் ஷிப்டில் நிற்பவர்கள் போகிற வருகிற போக்கில் தகட்டுப் பக்கம் முகத்தைக் காட்டிப் பார்ப்பார்கள், தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் கத்துவார்கள். இப்போது யாராவது சூடு என்று வாயைத் திறந்தால் மற்றவர்கள், "நம்பர் இன்னா?" என்று கேட்டார்கள். ஆலைக்குள் அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. கேன்டீனில் டீ சூடு என்றால்கூட, "நம்பர் இன்னா?"

எண்பத்து நான்கு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மதராஸ் சாலையில் வெள்ளம். வேன் வரவில்லை. நைட்ரஜனைச் சேர்த்தும் வைக்க முடியாது. எவ்வளவு நல்ல கேனாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். சினை ஊசி மையத்தில் கையிருப்பு அவர்களுக்கே போதாது. டாக்டர் நல்ல மனிதர். மறுநாள் காலையில் வேன் எப்படியும் வந்துவிடும், வந்ததும் முதல் கேனை அனுப்பிவிடுகிறேன் என்று போனில் சொன்னார்.

அன்று முற்பகல் ஜெபமணி கிருபானந்தத்தின் அறைக்கு வந்தான். நனைந்திருந்தான்.

"மாமா, பின்னாடி சந்துல ஒரு மாதிரியா கீது. சொவத்துல மழத்தண்ணி ஊறிக்கினு வந்தது, இப்ப அந்த எடம் மட்டும் காஞ்சிகினு போவுது."

"நீ உள்ள போனியா?"

"போனேன். மூஞ்சி எரியுது. ஆனா எனக்கு அன்னிக்கும் இப்படித்தான் தோணிச்சு." அவனே சிரித்துக்கொண்டான். "அதனால சொல்றதுக்கே பயமா கீது."

கிருபானந்தம் அவனோடு போய்ச் சந்து முனையில் நின்று பார்த்தார். நீராவியும் புழுக்கமும்தான் தெரிந்தன. உலையை அணைக்கலாமா என்ற எண்ணம் அவருக்கு வந்தது. வந்தது என்பதை அவர் பின்னால் ஒருபோதும் மறைக்கவில்லை. அதன் கூடவே அந்தக் கூட்டத்துச் சிரிப்பும் வந்தது.

"காலையில கேன் வந்துடும்டா. கேமராவைத் தனியாக் கழட்டி ரெண்டு பேரைத் தூக்கச் சொல்லி எப்படியாவது உள்ள காட்டிப் பாத்துடலாம். நம்பர் வரட்டும். நம்பரோட போனா ரங்கையா ஒண்ணும் பேசமாட்டாரு. அதுவரைக்கும் கரண்ட் லோடைக் கொறச்சு வை."

"சரி மாமா" என்றான் ஜெபமணி. அவன் அவ்வளவு சுலபத்தில் சரி சொல்கிற ஆள் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கிருபானந்தம் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜெபமணி வரவில்லை. இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுச் சந்துப் பக்கம் போயிருக்கிறான். அப்போதுதான் உடைப்பு எடுத்தது. வெறும் உடைப்பாக இருந்திருந்தால் அவன் ஓடித் தப்பியிருப்பான். சந்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. குழம்பு தண்ணீரில் விழுந்ததும் வெடித்தது. சத்தம் பெருஞ்சாலை வரைக்கும் கேட்டதாம்.

அவனைக் கம்பளியில் சுருட்டி ஆலை வண்டியில் போட்டுக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கிருபானந்தம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் அவன் ஒரே ஒரு முறைதான் பேசினான். "மாமா, வேற யாராச்சும் உள்ள இருந்தாங்களா?" இல்லை என்றார். கண்ணை மூடிக்கொண்டான்.

உயிர் பிழைத்தது. இடது கண் போய்விட்டது. வலது கையில் விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எத்தனை முறை அறுத்துப் பிரித்தும் பெருவிரல் மட்டும்தான் அசைந்தது. தொண்டையில் நீராவி பட்டுக் குரலும் மாறிவிட்டது. பாடகர் குழுவில் அதற்குப் பிறகு அவன் நிற்கவில்லை.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிருபானந்தம் தயாராக இருந்தார். எல்லாவற்றையும் சொன்னார், பெரிய கேமரா சந்தில் போகாது என்று ஜெபமணி முன்பே சொன்னதையும், அன்று காலை அவன் வந்து நின்றதையும் சொன்னார். அவர்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு கேமராக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தேர்வு சரியானதுதான் என்றார்கள். அளவு சொல்லாத கருவியை நம்பி எந்த ஆலையும் உலையை நிறுத்தாது, வேன் தாமதம் மழையால் வந்தது, யார்மேலும் குற்றமில்லை. ரங்கையா அவரை வெளியே அழைத்துவந்து, "மனசுல வெச்சுக்காதீங்க" என்று தமிழிலேயே சொன்னார்.

கிருபானந்தம் வீட்டுக்கு வந்து ஞானமணியிடம் இதைச் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உங்க மேல தப்பில்லன்னுட்டாங்களா?"

"ஆமா."

"மழை மேலயும் தப்பில்ல, வேன் மேலயும் தப்பில்ல. அப்ப என் தம்பி கண்ணு சும்மாவேவா போச்சு?"

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. மறுநாள் வழக்கம் போலக் காபி கொடுத்தாள். வழக்கம் போல மத்தியானத்துக்குக் கேரியர் கட்டினாள், ஒரு ஆளுக்கு. அவள் சண்டை போட்டிருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருக்கலாம் என்று பல நாள் கிருபானந்தம் நினைத்தார். திட்டித் தீர்ப்பவர் யாரும் இல்லாமல் போனது அவருக்குப் பெரிய பாரமாகிவிட்டது. சபையில் எழுந்து நின்று சொல்லிவிடலாமா என்றுகூடச் சபைப் பாதிரி ஐயரிடம் கேட்டார். "நடந்ததுதான் எல்லாருக்கும் தெரியுமே தம்பி" என்றார் ஐயர்.

ஜெபமணிக்கு ஆலை திருப்பதியில் இருந்த தன் லாரி புக்கிங் ஆபீசில் வேலை போட்டுக் கொடுத்தது. அவன் குடும்பத்தோடு அங்கே போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், ஈஸ்டருக்கு வருவார்கள். வந்தால் கலகலப்பாகவே பேசுவான். மீன் முள்ளைப் பற்றிய வம்பு மட்டும் இல்லை; அவனுக்கு மனைவி முள் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கிருபானந்தம் அவனைத் தனியாகப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டே வந்தார்.

எண்பத்தெட்டில் ஆலையில் இரண்டாவது உலை வைத்தார்கள். ரங்கையா ஓய்வு பெற்றிருந்தார். புது மேனேஜர் இன்னொரு கேமரா வாங்க வேண்டும் என்று கிருபானந்தத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். கிருபானந்தம் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டு, அந்த வாரமே பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனார்.

புக்கிங் ஆபீஸ் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. வெளியே லாரிகள். ஜெபமணி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு டிரைவரிடம் தெலுங்கில் எதற்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்ததும் எழுந்துவந்து பெஞ்சைத் துண்டால் தட்டினான்.

"இன்னா மாமா, சொல்லாம கொள்ளாம? அக்கா நல்லா கீதா?"

டீ வந்தது. கிருபானந்தம் வந்த விஷயத்தைச் சொன்னார். "இன்னொரு கேமரா வாங்கப் போறாங்க. நீ ஒரு நாள் வந்து பாத்து இதுதான்னு சொல்லு. நீ சொல்றதையே வாங்கிடறேன்."

ஜெபமணி டீயை இடது கையால் எடுத்து ஊதிக் குடித்தான்.

"நான் வரல மாமா. அந்தப் பக்கம் பஸ் போனாலே நான் மறுபக்கம் திரும்பிக்குவேன்."

"தப்பு என்னுதுடா. நீ சொன்னதைக் கேட்டிருந்தா..."

"உங்களுது மட்டும் இல்ல. அன்னிக்கு ஷிப்ட் என் கையில. மெயின் ஸ்விட்ச் என் கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு. நான் ஏன் எறக்கல? உங்களை வந்து ஏன் கேட்டேன்? எனக்கும் அந்த நம்பர் வேணும்னு இருந்துச்சு. மறுபடியும் எல்லாரும் சிரிச்சுட்டா இன்னா பண்றதுன்னு."

கிருபானந்தத்துக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தன் பயம் இவனுக்கும் தொற்றியிருந்தது என்றுதான் அவருக்குப் பட்டது. லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. அதன் சத்தம் அடங்கும் வரைக்கும் ஜெபமணி காத்திருந்தான்.

"நான் ஒண்ணு கேக்கட்டா மாமா? ரொம்ப நாளா கேக்கணும்னு. அன்னிக்கு நம்மகிட்ட கேமராவே இல்லன்னு வெச்சுக்குங்க. பெரிசும் இல்ல, சின்னதும் இல்ல. நான் வந்து மூஞ்சி எரியுதுன்னு சொல்றேன். நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க?"

கிருபானந்தம் எதையும் யோசித்துச் சொல்கிறவர். ஆனால் இதற்கு யோசிக்க ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

"நிறுத்தியிருப்பேன்டா."

"அதான்" என்றான் ஜெபமணி. குரலில் கோபம் இல்லை. "நானும் அப்படித்தான் நெனச்சேன்." பிறகு எழுந்து, "இருங்க, சாப்ட்டுட்டுப் போலாம். வீட்டுல சொல்லியனுப்பறேன்" என்றான். கிருபானந்தம் பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பஸ் இல்லை. ஸ்டாண்டில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

இந்த முறை அவர் அதிகம் விசாரிக்கவில்லை. அதற்குள் சின்ன கேமராக்களும் கொஞ்சம் தேறியிருந்தன. கொண்டுவந்து காட்டிய இரண்டு பேரையும் முதலில் சந்துக்குத்தான் அழைத்துப் போனார். ஒருவருடையது உள்ளே நுழையவில்லை. மற்றவருடையதை வாங்கச் சொன்னார். ஷிப்டில் இருப்பவன் சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காமல் உலையை அணைக்கலாம், அதற்கு எண் காட்ட வேண்டியதில்லை என்று ஒரு விதி வைக்கும்படி புது மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் ஆகட்டும் என்றார். விதி வந்தது. அவர் ஓய்வு பெறும் வரைக்கும் ஒருவனும் அப்படி அணைக்கத் துணியவில்லை. விதியால் போகிற பயமா அது?

கேமரா வந்த அன்று மதியம், பெட்டியைப் பிரித்ததும் கிருபானந்தம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் பழைய உலையின் பின்பக்கம் போனார். சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். சுவரில் வெடித்த இடத்தைப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். கேமராவைக் கண்ணில் வைத்து, மதராஸ்காரர் அன்று சொல்லிக் கொடுத்தபடி மெதுவாக ஆட்டிக்கொண்டே தகட்டைப் பார்த்தார். அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் ஒரே கறுப்பு. பழுது ஒன்றும் இல்லை. பார்த்து முடித்து வெளியே வர ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஷிப்டில் இருந்தவனைக் கூப்பிட்டு அவன் தோளில் கேமராவை மாட்டினார். இனிமேல் இது உன்னிடமே இருக்கட்டும் என்றார். அறைக்குத் திரும்பி, கைகளைக் கழுவிக்கொண்டு, கேரியரைத் திறக்காமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கேமராவை அவர் தொடவில்லை.